ஒருமுறைதான் கேட்பார்கள்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். நான் கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள், வயது 23. திருச்சியில் பொறியியல் முடித்துவிட்டு, கடந்த செப்டம்பர் இறுதியில் முதுநிலைப் படிப்புக்காக ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் உள்ள ஃப்ரைபுர்க் நகரத்துக்கு வந்தேன். மாணவர் விடுதியில் இடம் கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டுத் தனி அறைகளுக்கு வாடகை விசாரித்தபோது, அப்பா வாங்கியிருக்கும் கல்விக் கடன்தான் கண்முன் வந்து நின்றது. விசாவுக்காக முடக்கக் கணக்கில் கட்டிய 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். இந்த மாநிலத்தில் எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணமும் உண்டு. அப்போதுதான் சீனியர் ஒருவர் 'வோனென் ஃபூர் ஹில்ஃபெ' என்ற ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னார். உதவிக்கு ஈடாக இருப்பிடம் என்று பொருள். வீட்டில் இடவசதி உள்ள முதியவர்களோ குடும்பங்களோ ஒரு மாணவருக்கு அறை தருவார்கள். வாடகை கிடையாது, அறையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மாதம் ஒரு மணி நேரம் வீட்டு வேலைகளில் உதவ வேண்டும். மின்சாரம், தண்ணீர், வெப்பமூட்டல் ஆகிய செலவுகளில் என் பங்கை மட்டும் கொடுக்கிறேன். என் அறை 16 சதுர மீட்டர். ஆகவே மாதம் 16 மணி நேரம்.

வீட்டில் இருப்பவர்கள் இருவர். ஐயாவுக்கு 70 வயது. அந்த அம்மா அவரைவிட மூன்று வயது இளையவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். வந்த அன்று மாலையே இருவரும் தங்கள் பெயரைச் சொல்லி, "எங்களிடம் 'டூ' என்றே பேசலாம்" என்று கைகொடுத்தார்கள். நெருக்கமானவர்களிடம் பேசும் 'நீ' அது. அந்த வார இறுதியில் ஐயா என்னைப் பழைய நகரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே தெருவோரமாக ஓடும் சின்னஞ்சிறு வாய்க்கால்களைக் காட்டி, "இதில் தவறிக் காலை வைத்தவர் இந்த ஊர்க்காரரைத்தான் மணப்பார்" என்று சொல்லிச் சிரித்தார். நல்ல இடத்தில் வந்து சேர்ந்துவிட்டோம் என்று அன்று இரவு என் அம்மாவிடம் சொன்னேன்.

பிறகு என்ன ஆயிற்று என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. அக்டோபரில் ஒரு ஞாயிறு பிற்பகல், மூன்றரை மணிக்குக் காபியும் ஆப்பிள் கேக்குமாக உட்கார்ந்திருந்தவர்கள், "உனக்கும் வேண்டுமா?" என்று கேட்டார்கள். "வேண்டாம், நன்றி" என்றேன். நம் வீடுகளில் அப்படித்தானே சொல்லுவோம்? இன்னொரு முறை கேட்டிருந்தால் எடுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் "சரி" என்று சொல்லிவிட்டு, எனக்கு எதிரிலேயே இருவரும் சாப்பிட்டு, மிச்சத்தை மூடி வைத்துவிட்டார்கள். அறைக்கு வந்து அழுதேன். ஒரு துண்டு கேக்குக்காக அழுகிறோமே என்ற வெட்கத்தில் மேலும் அழுதேன். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே கிளம்பிவிடுகிறேன். அன்று இங்கே கடைகள் எல்லாம் மூடியிருக்கும். டிரைசாம் ஆற்றங்கரையில் கை விறைக்கும்வரை நடந்துவிட்டுத் திரும்புவேன்.

நவம்பரில் ஒரு நாள் ரசம் வைத்தேன். எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்ட அடுத்த நிமிடம் நடைக்கூடத்தில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலற ஆரம்பித்துவிட்டது. ஐயா இருமிக்கொண்டே நாற்காலி போட்டு ஏறி அதை நிறுத்தினார். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் காலை குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது: 'சமைக்கும்போது தயவுசெய்து கதவை மூடி, சன்னலைத் திறந்து வைக்கவும். நன்றி!' கீழே ஒரு சிரிப்புப் பொம்மை. நேரில் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இப்போதெல்லாம் அவர்கள் இருவரும் சமையலறையில் இல்லாத நேரம் பார்த்துத்தான் உள்ளே போகிறேன். ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் வாசலில் போய் நின்று, அவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருப்பேன். இரவில் அவர்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஊறுகாய் வெள்ளரியும்தான் சாப்பிடுவார்கள். அடுப்பே எரியாது. அதைச் சாப்பிட்டால் எனக்குச் சாப்பிட்டது போலவே இருப்பதில்லை.

எல்லாவற்றையும்விட என்னைப் பாதித்தது ஒரு நோட்டுப் புத்தகம். நான் செய்யும் வேலைகளை அந்த அம்மா அதில் எழுதி வைக்கிறார்: இலை கூட்டியது 45 நிமிடம், கடைக்குப் போய் வந்தது ஒரு மணி நேரம், இப்படி. நவம்பர் நடுவில் ஐயாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து வீடு திரும்பியிருந்தார். அந்த அம்மா வெளியே போயிருந்த ஒரு மாலை, அவருக்குத் துணையாக உட்கார்ந்து, என் தாத்தாவின் வயலைப் பற்றி எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தேன். வந்ததிலிருந்து நான் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்த மாலை அது. அடுத்த நாள் பார்த்தால், நோட்டில் 'இரண்டு மணி நேரம்' என்று எழுதியிருந்தது. நான் பாசமாகச் செய்ததைக் கூலியாக்கிவிட்டார்களே என்று அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் வருவதாகவும், விருப்பமிருந்தால் நானும் கலந்துகொள்ளலாம் என்றும் சொன்னார்கள். ஒப்புக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து, எனக்கு வேறு ஏற்பாடு இருப்பதாகச் சொல்லிவிட்டு, கார்ல்ஸ்ரூவெயில் படிக்கும் தோழியின் அறையில் மூன்று நாள் கிடந்தேன். திரும்பி வந்தபோது என் கதவருகே ஒரு தட்டில் பிஸ்கட்டுகளும், என் பெயர் எழுதிய ஓர் உறையும் இருந்தன. அதைப் பார்த்து நிம்மதி வருவதற்குப் பதில், பொய் சொன்ன குற்ற உணர்ச்சிதான் வந்தது. ஜனவரியில் ஐயாவின் பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வாழ்த்துச் சொன்னேன். மறுநாள் எனக்குத் தேர்வு இருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. அதுவும் ஏதோ தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

என் அம்மாவிடம் "ராணி மாதிரி பார்த்துக்கறாங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதையும் இப்போது தினமும் சொல்ல முடிவதில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதில், எனக்கு வகுப்பு முடிந்து வெளியே வரும்போது ஊரில் இரவு பத்தேகால் ஆகிவிடுகிறது, அம்மா தூங்கிவிடுகிறார். நான்கு கிலோ எடை குறைந்திருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் மறுபடி தூக்கம் வருவதில்லை. ஏப்ரலில் விடுதியில் இடம் கிடைக்கக்கூடும் என்கிறார்கள். இந்த வீட்டைக் காலி செய்துவிடலாமா? அல்லது யார் வீட்டிலும் ஒட்ட முடியாத குறை என்னிடம்தான் இருக்கிறதா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத மாணவி, ஃப்ரைபுர்க்

ஆலோசகரின் பதில்

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படித்தபோது அதில் ஒன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஏறத்தாழ நான்கு மாதமாக ஒரே கூரையின்கீழ் வாழ்பவர்களை 'ஐயா', 'அந்த அம்மா', 'அவர்கள்' என்றே கடிதம் முழுவதும் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் பெயரைச் சொல்லாமல் இருப்பது முறைதான். ஆனால் சமையலறை வாசலில் நின்று, அவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி எனக்கு வேறொன்றைச் சொல்லிவிட்டது. அந்த வீட்டிலும் நீங்கள் அவர்களை இதுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சரிதானே?

உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நம் மொழியில் எழுபது வயதுக்காரரைக் கூப்பிடுவதற்கு எத்தனையோ சொற்கள் உள்ளன. அவருடைய பெயர் மட்டும் அவற்றில் ஒன்றல்ல. அங்கேயோ 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்ற பேச்சுக்கே இடமில்லை. 'ஃப்ராவ்' (திருமதி), 'ஹெர்' (திரு) என்று குடும்பப் பெயரோடு சேர்த்து, 'ஸீ' என்ற மரியாதைப் பன்மையில் பேசுவது ஒரு வகை. முதற்பெயரும் 'டூ'வும் இன்னொரு வகை. முதல் வகையிலிருந்து இரண்டாவதற்குப் போகலாம் என்று சொல்லும் உரிமை அவர்களுடைய வழக்கப்படி வயதில் மூத்தவருக்கே உண்டு. வந்த அன்றே அவர்கள் அதை உங்களுக்குக் கொடுத்துக் கையும் குலுக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் ஒரு பாட்டி, "என்னை மேடம்னு கூப்பிடாதே, அத்தைனு கூப்பிடு" என்று சொல்வதற்கு இணையானது அது. அதைக் கேட்டுக்கொண்ட பிறகும் ஒருவர் அத்தை என்றும் கூப்பிடாமல், மேடம் என்றும் கூப்பிடாமல், வாசலில் வந்து வந்து நின்றால் அந்தப் பாட்டி என்ன நினைப்பார்? இந்தப் பெண்ணுக்கு நம்மோடு ஒட்ட விருப்பமில்லை போலிருக்கிறது, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்வார். நீங்கள் அவர்களைப் பற்றி நினைப்பதையே அவர்களும் உங்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

'டூ' என்றால் 'நீ' என்று மனதுக்குள் மொழிபெயர்ப்பதுதான் உங்கள் நாக்கைப் பிடித்து நிறுத்துகிறது என்று நினைக்கிறேன். ஜெர்மானியர்கள் தங்கள் தாயை, தாத்தாவை, பிரார்த்தனையில் கடவுளை அழைப்பதும் அதே 'டூ'வால்தான். நம் பதிகங்களிலும் இறைவன் 'நீ'தான்; அதில் யாரும் மரியாதைக் குறைவைக் கண்டதில்லை. அறைக் கதவை மூடிக்கொண்டு அந்த இரண்டு பெயர்களையும் வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பாருங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். பிறகு ஒரு நாள் காலையில், காலை வணக்கத்தோடு அந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள். வேறு எதுவும் அன்று செய்ய வேண்டாம்.

இனி கேக்குக்கு வருவோம். அதற்காக அழுததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் வீடுகளில் முதல் 'வேண்டாம்' என்பது பதிலே அல்ல. கேட்டவர் இரண்டாம் முறை கேட்பதற்காக நாம் விட்டுவைக்கும் இடைவெளி அது. "ஒரு வாயாவது" என்று தட்டில் வைத்துவிடுவதுதான் பாசத்தின் இலக்கணம். அவர்கள் வளர்ந்த இலக்கணத்தில், வேண்டாம் என்றவரை மறுபடி வற்புறுத்துவது அவருடைய சொல்லை மதிக்காததற்குச் சமம். ஆகவே ஒருமுறைதான் கேட்பார்கள். சொன்ன பதிலை அப்படியே நம்புவார்கள். உங்களுக்கு எதிரே உட்கார்ந்து அவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள் என்றால், உங்களுக்குப் பசியில்லை என்று உண்மையிலேயே நம்பிவிட்டார்கள் என்று பொருள். பழக்கதோஷத்தில் வாய் 'வேண்டாம்' என்று முந்திக்கொண்டால் அதைத் திரும்பப் பெற அந்த மொழியிலேயே ஒரு சொல் இருக்கிறது: 'டோஹ்'. முன்னே சொன்ன 'இல்லை'யைக் கவிழ்த்துப் போடுவதற்கென்றே ஏற்பட்ட இரண்டெழுத்து. "டோஹ், கெர்ன்" என்றால், "இல்லையில்லை, வேண்டும்தான், சந்தோஷமாக" என்று ஆகும். கிறிஸ்துமஸ் அழைப்பும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். டிசம்பர் 24-ஆம் தேதி மாலை அவர்களுக்குக் குடும்பத்துக்கே உரிய நேரம். அதற்குப் பிறத்தியாரை ஒப்புக்கு அழைப்பது அரிது. நீங்கள் வராமல் போனபோது உங்கள் பங்கைத் தட்டில் எடுத்து வைத்துப் பெயரும் எழுதியிருக்கிறார்கள். குற்ற உணர்ச்சியைத் தனியே சுமக்காமல், "அழைத்தது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் போய்விட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டிய அளவுக்கு அதில் எதுவுமில்லை.

துண்டுச் சீட்டு வலிக்கும்தான். அங்கே அது சாதாரணம் என்று சொல்லி உங்கள் வலியை நான் தள்ளிவிடப் போவதில்லை. ஆனால் அந்தச் சீட்டில் என்ன இல்லை என்பதையும் பாருங்கள். சமைக்காதே என்று அதில் எழுதவில்லை. மிளகாய் போடாதே என்றும் எழுதவில்லை. அந்த வீட்டில் நீங்கள் தொடர்ந்து தாளிக்கப் போகிறீர்கள் என்பதை ஏற்றுக்கொண்டு, கதவையும் சன்னலையும் மட்டுமே அது பேசுகிறது. தாளிக்கும் வாசனை நமக்கு வீட்டின் வாசனை. பழகாத தொண்டைக்கு மிளகாய் வற்றல் நெடி வெறும் நெடிதான். நம் ஊரிலேயே பக்கத்து வீட்டில் வற்றல் வறுத்தால் நாம் இருமுவதில்லையா? குளிர்காலத்திலும் தினம் இரண்டு மூன்று முறை எல்லாச் சன்னல்களையும் அகலத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விடுவதை ஒரு நியமம் போலச் செய்பவர்கள் அவர்கள் என்பதை இதற்குள் கவனித்திருப்பீர்கள். எழுதியது பிடிக்கவில்லை என்றால், "இனி என்னிடம் நேரிலேயே சொல்லுங்கள், எனக்கு அதுதான் எளிது" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாரத்தில் ஓர் இரவு அடுப்பு உங்களுடையது என்று பேசி வைத்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் மதியம் பல்கலைக்கழக உணவகமான மென்சாவில் சூடாகச் சாப்பிட்டுவிட்டால் இரவு ரொட்டி அத்தனை கொடுமையாகத் தெரியாது. அவர்களில் பலருக்கும் மதியம்தான் சூடான உணவு. மாலை உணவுக்கு 'ஆபென்ட்ப்ரோட்', மாலை ரொட்டி என்றே பெயர்.

பிறந்தநாள் விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். முன்கூட்டி வாழ்த்தினால் ஆகாது என்பது அங்கே ஒரு நம்பிக்கை. பிள்ளை பிறப்பதற்கு முன்பே தொட்டில் வாங்கிவிட்டதைப் பார்த்த நம் பாட்டியின் முகம்தான் அன்று அவருக்கும் வந்திருக்கும்.

நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களை மிகவும் காயப்படுத்தியது அது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் என் சொந்தக் கதையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கல்லூரியில் படித்த மூன்று வருடமும் மதுரையில் என் பெரியம்மா வீட்டில் இருந்தேன். நோட்டும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை. "நம்ம வீடு மாதிரி இரு" என்றார்கள். விடியற்காலையில் வாசல் தெளிப்பதிலிருந்து, பெரியம்மாவின் கடைசி மகனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பதுவரை எனக்கென்று வேலைகள் தாமாகவே வந்து சேர்ந்தன. தேர்வுக்கு முந்தைய இரவு மாவு ஆட்டியிருக்கிறேன். யாரும் என்னை அதட்டியதில்லை. ஆனால் எது போதும் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. இன்றைக்குச் செய்தது போதுமா, நாளைக்கு ஏதாவது பேச்சு வருமா என்ற கேள்வியோடுதான் ஒவ்வொரு இரவும் படுத்தேன். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாண வீட்டில், "நான்தான் இவளைப் படிக்க வைத்தேன்" என்று பெரியம்மா சொன்னார். அது பொய்யல்ல. ஆனால் நான் கரைத்த கோலமாவும் ஆட்டிய இட்லி மாவும் எந்தக் கணக்கிலும் இல்லை.

நீங்கள் சேர்ந்திருக்கும் ஏற்பாடு 1992-இல் டார்ம்ஸ்டாட் நகரில் தொடங்கிப் பிறகு பல பல்கலைக்கழக நகரங்களுக்குப் பரவியது. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மணி நேரம் என்ற விதி, இடம் கொடுத்தவர் இடம் பெற்றவரை உறிஞ்சிவிடக் கூடாது என்பதற்கான எல்லை. அந்த அம்மா நோட்டில் எழுதுவது உங்களிடமிருந்து வசூலிக்க என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். நோயாளிக்குத் துணையாக இருந்த இரண்டு மணி நேரத்தை அவர் எழுதாமல் விட்டிருந்தால், அந்த மாதம் நீங்கள் பதினாறுக்குப் பதில் பதினெட்டு மணி நேரம் உழைத்திருப்பீர்கள். அவர் அதை உங்கள் வரவில் வைத்திருக்கிறார். அந்த நோட்டைக் கூட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. இந்த வாரமே கேட்டு வாங்கி, இருவருமாக உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். நவம்பரில் நீங்கள் அதிகம் செய்திருந்தால், தேர்வுகள் நெருங்கும் பிப்ரவரியில் குறைத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் நீங்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. எல்லாவற்றையும் நிமிடத்தில் அளந்துவிட முடியாது. உங்கள் தாத்தாவின் வயலைப் பற்றிய பேச்சு வேலை அல்ல. அதற்கு வழி, மனதுக்குள் புழுங்குவது அல்ல. அடுத்த முறை ஐயாவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு எழும்போது அந்த அம்மாவிடம், "இதை எழுத வேண்டாம், இது எனக்குப் பிடித்துச் செய்தது" என்று சொல்லுங்கள். ஜெர்மன் போதாவிட்டால் நோட்டைக் காட்டித் தலையை ஆட்டினாலே போதும். கணக்குக்கு வெளியே ஓர் இடம் வேண்டும் என்று நீங்கள் சொல்லாதவரை, அதைத் திறக்க அவர்களுக்குத் துணிவு வராது. உங்கள் நேரத்தைத் திருடியதாகிவிடும் என்று நினைப்பார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. காயத்துக்குக் கட்டுப் போடுவது, குளிப்பாட்டுவது போன்ற நோயாளிப் பராமரிப்பு இந்த ஏற்பாட்டில் சேராது. அப்படி ஏதாவது உங்கள்மேல் விழுந்தால், அல்லது மணிக்கணக்கு தொடர்ந்து மீறிப்போனால், ஒப்பந்தத்தை ஏற்படுத்திக் கொடுத்த அலுவலகத்திடம் சொல்லுங்கள். அது புகார் ஆகாது.

இதுவரை சொன்னது வீட்டைப் பற்றி. உங்கள் உடலைப் பற்றிய கவலை எனக்குத் தனியாக இருக்கிறது. நான்கு கிலோ எடை குறைந்திருப்பதும், இரவு இரண்டு மணி விழிப்பும் கேக்காலும் சீட்டாலும் மட்டும் வந்தவை அல்ல. டிசம்பரில் அந்த ஊரில் காலை எட்டு மணி தாண்டித்தான் சூரியன் எழும். மாலை நான்கரைக்கெல்லாம் இறங்கிவிடும். காவிரிக் கரை வெயிலில் வளர்ந்த உடல் அதை ஒரு பெரிய மாற்றமாகவே உணரும். நீங்கள் ஞாயிறு பிற்பகலில் நடப்பதை விட்டுவிட வேண்டாம்; ஆனால் அதை நண்பகலுக்கு மாற்றி, மேகமூட்டமாக இருந்தாலும் தினம் அரை மணி நேரம் வெளிச்சத்தில் இருங்கள்.

மூன்று மாதத்தில் எல்லாம் பழகிவிடும் என்று பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மனம் அப்படி நாட்காட்டி பார்த்து நடப்பதில்லை. 1955-இல் ஸ்வெர்ரெ லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், அமெரிக்கா சென்று வந்த 200 நார்வே நாட்டினரிடம் பேசி, தொடக்கத்தில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு மீட்சி என்று ஒரு வளைவை வரைந்தார். அது இன்றும் புத்தகங்களில் இருக்கிறது. பின்னர் 1998-இல் நியூசிலாந்து சென்ற ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த காலீன் வார்டும் அவருடைய குழுவினரும், துன்பம் மிகுதியாக இருந்தது போய்ச் சேர்ந்த தொடக்கத்திலேயே என்று கண்டார்கள். ஆகவே இந்த மாதம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பாதை எவருக்கும் கிடையாது. யார் வீட்டிலும் ஒட்ட முடியாத குறை என்று நீங்கள் எழுதியதற்கு என் பதிலும் இதுதான்: முழங்கால் வலியோடு இருந்த ஒருவருக்கு அரைகுறை மொழியில் இரண்டு மணி நேரம் வயல் கதை சொன்னவரிடம் அந்தக் குறை எங்கே இருக்கிறது?

ஆயினும் ஒன்றில் கண்டிப்பாக இருப்பேன். நாளின் பெரும்பகுதி மனச்சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தூக்கக் கேடு, பசியின்மை ஆகியவை தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், அது வெறும் வீட்டு ஏக்கம் அல்ல. மருத்துவ உதவி தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். உங்கள் பல்கலைக்கழக நகரின் மாணவர் நலச் சேவை அமைப்பில் உளவியல் ஆலோசனைப் பிரிவு உண்டு. ஆங்கிலத்திலும் பேசலாமா என்று கேட்டு நேரம் வாங்குங்கள். அங்கே பேசுவது பல்கலைக்கழகத்துக்கோ தங்கியிருக்கும் வீட்டுக்கோ போகாது. எடை குறைவுக்காகக் குடும்ப மருத்துவரையும் பாருங்கள். மாணவர் மருத்துவக் காப்பீடு அதற்குத்தான் இருக்கிறது. விடியாத இரவு ஒன்றில் யாருடனாவது பேசியே ஆக வேண்டும் என்று தோன்றினால், 0800 1110111 என்ற எண்ணில் 'டெலிஃபோன்ஸேல்ஸோர்க' உதவிச் சேவை இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது. பெயர் சொல்லத் தேவையில்லை. உயிரை முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் காத்திருக்காமல் அவசர உதவி எண்ணான 112-ஐ அழையுங்கள், அல்லது அடுத்த அறைக் கதவைத் தட்டுங்கள். அந்த வீட்டில் அன்று யாரும் மணிக்கணக்கு எழுத மாட்டார்கள்.

காலி செய்வதா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். விடுதிப் பட்டியலில் பெயர் அப்படியே இருக்கட்டும். மார்ச் வரை நான் மேலே சொன்னவற்றில் மூன்றையாவது செய்து பாருங்கள்: பெயர் சொல்லி அழைப்பது, கேட்டதும் 'ஆம்' என்பது, நோட்டைக் கூட்டிப் பார்ப்பது. அதன் பிறகும் அந்த வீடு மூச்சு முட்டுகிறது என்றால், ஏப்ரலில் தாராளமாக மாறிக்கொள்ளுங்கள். விடுதிக்குப் போவது தோல்வி அல்ல. ஆனால் அங்கேயும் பொதுச் சமையலறை இருக்கும். அதன் வாசலிலும் போய் நின்றுகொண்டு யாராவது திரும்பிப் பார்க்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது அல்லவா?

கடைசியாக உங்கள் அம்மா. ராணி மாதிரி இருப்பதாகச் சொன்ன பொய்யை ஒரே நாளில் உடைத்து அவரைக் கலங்க வைக்க வேண்டியதில்லை. கேக் கதையை மட்டும் சொல்லுங்கள். அவருக்கு உடனே புரியும், ஒருவேளை சிரிக்கவும் செய்வார். வார நாட்களில் பேச முடியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை அங்கே பிற்பகல் மூன்றரை மணி, ஊரில் இரவு எட்டு மணி. காபி வேளை அதுதான். ஆற்றங்கரைக்குப் போகாமல், சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து வீடியோவில் கூப்பிட்டு, அந்த இருவரையும் அவரிடம் காட்டுங்கள். உங்கள் அம்மா எடுத்த எடுப்பில் அவர்களிடம் கேட்கப்போவது "சாப்பிட்டீங்களா?" என்றுதான். அதை ஜெர்மனில் சொல்ல உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
ஆலோசகர்